இருபத்தெட்டுப் பேரில் ஒருத்தி

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நல்ல பெயர் எடுத்தவள் நான். உளவியல் தாளில் முதலிடம், கற்பித்தல் முறைகள் தாளில் இரண்டாமிடம். குழந்தையின் மனம் எப்படி வளர்கிறது என்று மூன்று பக்கம் எழுதச் சொன்னால் ஐந்து பக்கம் எழுதுவேன். ஆனால் அந்தத் தாள்களெல்லாம் ஒரு பக்கம், கற்பித்தல் பயிற்சி ஒரு பக்கம். ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் பத்து வாரம் நிஜப் பிள்ளைகளுக்கு நிஜமாகவே பாடம் நடத்த வேண்டும். கல்லூரியிலிருந்து வந்து பார்ப்பார்கள், மதிப்பெண் போடுவார்கள். அதில் தேறாவிட்டால் மற்றதில் எத்தனை வாங்கியிருந்தாலும் சான்றிதழ் கிடையாது. ஒரு தடவை தவறினால் இன்னொரு தவணை கொடுப்பார்கள். அதிலும் தவறினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்து மூன்று வயது. ராசா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவள். கல்லூரியில் இடம் கிடைத்த அன்றே அப்பா தோட்டம் முழுக்க, என் மகள் டீச்சராகிவிட்டாள் என்று சொல்லிவிட்டார். இன்னும் ஆகவில்லை, பயிற்சி முடிய வேண்டும், தேற வேண்டும் என்று ஒவ்வொரு விடுமுறையிலும் அவரோடு சண்டை போடுவேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார். விடிகாலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க வரிசையில் நிற்கும்போது வேலை வாங்கும் மண்டோரிடம்கூடச் சொல்லியிருக்கிறார் என்று அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் தேறாமல் திரும்பிப் போனால் அந்த மனிதர் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்த வரிசையில் நிற்பார்?

எனக்குக் கிடைத்த பள்ளி கோல சிலாங்கூர் வட்டாரத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றின் நடுவில் இருந்தது. ஆறு வகுப்பறை. இடுப்புயரம் வரை பலகைச் சுவர், அதற்கு மேல் கம்பி வலை, ஜன்னல் என்றால் அதுதான். வேலிக்கு அந்தப் பக்கமே செம்பனை மரங்கள் தொடங்கிவிடும். டவுனில் ஒரு வீட்டின் பின்னறையை நானும் என் கல்லூரித் தோழியும் வாடகைக்கு எடுத்திருந்தோம். அவளுக்கு ஜெராம் பக்கம் ஒரு தோட்டப் பள்ளி. காலையில் அவள் ஒரு பஸ், நான் ஒரு பஸ். சாலைச் சந்திப்பில் இறங்கி உள்ளே இரண்டு கல் தூரம் நடக்க வேண்டும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கையில் சுருட்டிய மணிலா அட்டை, மறு கையில் செருப்பு என்று மண்சாலையில் நடந்து வரும் என்னைப் பார்த்து டிராக்டர்காரர்கள் வழிவிட்டார்கள். பள்ளி வாசலில் செருப்பைப் போட்டதும் நான் டீச்சர்.

பள்ளியின் தலைமையாசிரியர்தான் எனக்கு வழிகாட்டி ஆசிரியர். ஓய்வு பெற இரண்டு வருடமே இருந்த மனிதர். முதல் நாள் மூன்றாம் ஆண்டு வகுப்பை என்னிடம் காட்டி, பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், அடிக்க வேண்டாம் என்று சொன்னார். அதோடு வழிகாட்டல் முடிந்தது. பிறகு பத்து வாரமும் அவர் அறையில் தட்டச்சு சத்தம் கேட்டுக்கொண்டேயிருக்கும்.

பயிற்சியில் இருப்பவளுக்கு உயிர் என்பது ஒரு தடித்த பதிவுப் புத்தகம். ஒவ்வொரு பாடத்துக்கும் அதில் குறிப்பு எழுத வேண்டும். பீடிகை, அதாவது பாட அறிமுகம், ஐந்து நிமிடம், வாசிப்பு பத்து நிமிடம், குழு வேலை பத்து நிமிடம், முடிவு ஐந்து நிமிடம். அப்போதுதான் புதிய பாடத்திட்டம் வந்திருந்தது. வகுப்பை மூன்று குழுவாகப் பிரிக்க வேண்டும்: கெட்டிக்காரர்கள், நடுத்தரம், நலிந்தவர்கள். மூன்று குழுவுக்கும் மூன்று விதமான வேலை கொடுக்க வேண்டும். ராத்திரி பத்துப் பக்கம் எழுதிவிட்டு வந்தால் காலையில் பிள்ளைகள் அந்தப் பத்துப் பக்கத்தில் இல்லாத ஒன்றைக் கேட்பார்கள்.

எங்களைப் பார்க்கக் கல்லூரியிலிருந்து விரிவுரையாளர் எப்போது வருவார் என்று யாருக்கும் சொல்ல மாட்டார்கள். திடீரென்று வந்து பின்வரிசையில் உட்காருவதுதான் முறை. ஆனால் தோட்டத்துக்குள் கார் வந்தால் மரங்களுக்கு மேலே புழுதி எழும். எங்கள் வகுப்பிலிருந்து பார்த்தால் அது நன்றாகத் தெரியும். மழை பெய்த மறுநாள் புழுதி இருக்காது. அந்த நாட்களில் நான் சாப்பிடவே மாட்டேன்.

வகுப்பில் இருபத்தெட்டுப் பேர். அதில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் ஒருத்தி. ஒன்பது வயது, எண்ணெய் வழிய வழிய இரட்டைப் பின்னல். வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே ஒரு நாள்கூட விடுப்பு இல்லை. மழையோ வெயிலோ முதல் ஆளாக வந்து கரும்பலகையைத் துடைத்துவிட்டு நிற்பாள். ஆனால் அவளுக்கு வாசிக்க வராது. கொஞ்சம் வராது என்பதில்லை, சுத்தமாக வராது. தன் பெயரை எழுதுவாள், அதையும் பார்த்துப் படமாக வரைவாள். அதற்காக வெட்கப்படுகிறவளும் இல்லை. புத்தகத்தைக் கொடுத்தால் படத்தைப் பார்ப்பாள், எழுத்துக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டே தன் மனதில் தோன்றுவதைச் சத்தமாகச் சொல்வாள். அதுதான் வாசிப்பது என்று உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தாள்.

நான் முயற்சி செய்யாமல் இல்லை. முதல் இரண்டு வாரம் பள்ளி முடிந்ததும் அவளை உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். இன்று ஐந்து எழுத்துப் பிடித்தால் நாளை மூன்று போய்விடும். மூன்றாவது வாரம் பஸ்ஸைத் தவறவிட்டு, சந்திப்பில் ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றேன். அன்றோடு விட்டுவிட்டேன். பத்து வாரம் இருந்துவிட்டுப் போகப்போகிறவள் நான், இரண்டரை வருடமாக யாரும் செய்யாததை நான் எப்படிச் செய்வது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

விரிவுரையாளர் முதல்முறை வந்தது நான்காவது வாரம். நல்ல மனிதர், ஆனால் பேனா மூடியைக் கழற்றிவிட்டால் முகத்தில் எதுவும் தெரியாது. அன்று பாடம் மீனவர் கிராமம். பாடத்துக்கு நிஜப் பொருள் கொண்டுவந்தால் மதிப்பெண் கூடும் என்பதால், தோழியிடம், கடற்கரை ஊரான சுங்கை செம்பிலாங்கிலிருந்து ஒரு கட்டு கருவாடு வாங்கிவரச் சொல்லியிருந்தேன். பீடிகை அருமையாகத் தொடங்கியது. கருவாட்டைத் தூக்கிக் காட்டிய ஐந்தாவது நிமிடம் தோட்டத்து நாய் இரண்டு வகுப்புக்குள் வந்துவிட்டன. பிள்ளைகள் மேசைமேல் ஏறிவிட்டார்கள். விரிவுரையாளர் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார். நாய்களைத் துரத்திவிட்டு வந்தபோது என் பாடக்குறிப்பில் வாசிப்புக்கான நேரம் முடிந்திருந்தது.

அதோடு விட்டிருந்தால் தலை தப்பியிருக்கும். அவர் எழுந்து வந்து ஜன்னலோரத்தில் இருந்தவளிடம் புத்தகத்தைக் காட்டி வாசிக்கச் சொன்னார். அவள் சந்தோஷமாக எழுந்தாள். விரலை முதல் வரியில் வைத்தாள். ஓர் ஊரில் ஓர் அப்பா இருந்தாராம், படகில் போனாராம், மழை வந்ததாம், அப்பா பயப்படவில்லையாம் என்று தொடங்கினாள். இருந்தது நான்கே வரி. விரல் நாலாவது வரியைத் தாண்டிப் படத்துக்குப் போய் மேசைக்கும் போய்விட்டது. கதை நிற்கவில்லை. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. நலிந்த மாணவருக்கு என்ன செய்யப்படுகிறது என்று பதிவுப் புத்தகத்தில் எழுதி, ஒரு பெரிய கேள்விக்குறி போட்டுவிட்டுப் போனார்.

எனக்கு வந்த கோபம் அந்த நாய்கள்மேலும் இல்லை, என்மேலும் இல்லை. அவள்மேல் வந்தது. இதை எழுத இப்போதும் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

அன்று மாலை தோழி எனக்கு ஒரு வழி சொன்னாள். அது எங்களுக்கு முந்தி பயிற்சி முடித்தவர்களிடமிருந்து அவளுக்கு வந்தது. கேள்வி கேட்டால் வகுப்பு முழுக்கக் கைதூக்க வேண்டும். தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு காடே கைதூக்கியதுபோல் தெரியும். நாம் வலது கையாகப் பார்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். அவள் பள்ளியில் இது அல்வாபோல நடந்ததாகச் சொன்னாள். நான் மறுநாளே வகுப்பில் ஒத்திகை தொடங்கினேன். பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டாகப் போய்விட்டது, மூன்றே நாளில் கற்றுக்கொண்டார்கள்.

ஏழாவது வாரம் அவர் மறுபடி வந்தார். அன்று சொல்லட்டைகள். ஒவ்வோர் அட்டையாகத் தூக்கிக் காட்டினேன். இருபத்தெட்டுக் கைகளும் மேலே போயின. நான் வலது கைகளையே பார்த்துப் பார்த்துக் கேட்டேன். எல்லாம் சரியான பதில்கள். ஜன்னலோரத்திலும் ஒரு வலது கை நிமிர்ந்து நின்றது. அவளுக்குத் தெரியும் என்று அவள் நினைத்தாள், அதனால் வலது கை. அவள் ஏமாற்றவில்லை, நான் சொன்னபடிதான் செய்தாள். நான் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. ஆறாவது அட்டையில் விரிவுரையாளர் பின்னாலிருந்து, அந்த ஜன்னலோரப் பிள்ளை ரொம்ப நேரமாகக் கைதூக்கிக்கொண்டிருக்கிறது, கேளுங்கள் என்றார்.

அவள் எழுந்து, முந்தின அட்டையில் இருந்த சொல்லையே சொன்னாள். முன்வரிசையில் இருந்த ஒருவன் என்னைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தானோ என்னவோ, எழுந்து நின்று தெளிவாகச் சொன்னான்.

“டீச்சர், அவளுக்குத் தெரியாதுலா. அவ எடது கையில்ல தூக்கணும்?”

மேலே நின்ற கைகளெல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. விரிவுரையாளர் பேனாவை மூடிப் பையில் வைத்தார். பாடம் முடிந்தபின் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. இந்த வேலையெல்லாம் நாங்களும் ஒரு காலத்தில் செய்ததுதான் என்று சொன்னார். பிறகு, கார்ச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, அடுத்த வாரம் வியாழக்கிழமை வெளித் தேர்வாளர் என் வகுப்புக்கு வருவார் என்றார்.

வெளித் தேர்வாளர் என்றால் என்ன என்று கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். வேறு கல்லூரியிலிருந்து வருகிறவர். எல்லோரையும் பார்க்க மாட்டார். மிக நன்றாகச் செய்கிறவர்களைப் பார்ப்பார், தவறிவிடுவார்களோ என்று சந்தேகம் இருப்பவர்களைப் பார்ப்பார். நான் எந்த வகை என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் சரியில்லை என்று எழுதினால் முடிந்தது.

அந்த ஏழு நாளும் நான் மனுஷியாக இல்லை. தோழியோடு சண்டை போட்டேன். வீட்டுக்குக் கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். பாடத்தை ஆறு முறை மாற்றினேன். எப்படி மாற்றினாலும் கடைசியில் அந்த ஜன்னலோரத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. அவள் எழுந்து நிற்பாள், கதை சொல்வாள், நான் தவறிவிடுவேன். புதன்கிழமை பள்ளி முடிந்ததும் பஸ்ஸுக்குப் போகாமல் லயத்துக்கு நடந்தேன்.

அவளுடைய அம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார். செம்பனை வெட்டும்போது சிதறும் உதிரிப் பழங்களைப் பொறுக்குகிற வேலை. மற்றவர்கள் குலையை வெட்டிப் போட்டுப் போனபின் இவர்கள் பின்னாலேயே சாக்கோடு குனிந்துகொண்டு போவார்கள். என்னைக் கண்டதும் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மகள் ஏதாவது தப்புச் செய்துவிட்டாளா என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றேன். பெண் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அவளைக் கடைக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, நாளைக்கு எனக்குப் பரீட்சை, பெரிய இடத்திலிருந்து ஆள் வருகிறார்கள், ஒரே ஒரு நாள் அவள் வர வேண்டாம் என்றேன். அவளுக்குச் சிரமமாக இருக்கும் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அந்த அம்மா ஏன் என்று கேட்பார் என்று நான் என்னென்னவோ பதில் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார்.

“அவளால ஒங்களுக்கு ஒன்னும் கெட்டுப் போவக்கூடாது டீச்சர். நாளைக்கு நான் கூட்டிக்கிட்டுப் போயிடுறேன்.”

பிறகு கோப்பி கலந்து கொடுத்தார். குடித்தேன். நல்ல கோப்பி. அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. எங்கே கூட்டிக்கொண்டு போவார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை காலை எட்டே முக்காலுக்குப் புழுதி தெரிந்தது. வெளித் தேர்வாளர் ஓர் அம்மையார். ஐம்பது வயதிருக்கும். சாம்பல் நிறச் சேலை, கழுத்தில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்ட கண்ணாடி. தலைமையாசிரியர் தட்டச்சை விட்டு வெளியே வந்து கும்பிட்டார். அம்மையார் நேராக வகுப்புக்கு வந்து வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். கண்ணாலேயே பிள்ளைகளை எண்ணினார். இருபத்தெட்டில் ஒன்று குறைகிறதே என்றார். காய்ச்சல் என்றேன். பதிவேட்டில் அன்றைக்கு முந்தின நாள்வரை அந்தப் பெயருக்கு நேரே விடுப்பே இல்லை என்பதை அவரும் பார்த்திருப்பார். பின்னால் போய் உட்கார்ந்தார்.

அன்றைய பாடம் சந்தை. நான் வாழ்நாளில் நடத்திய பாடங்களில் அதுதான் மிகச் சுத்தமான பாடம் என்று இன்றும் சொல்வேன். பீடிகைக்கு ஐந்து நிமிடம் என்றால் ஐந்து நிமிடம். ஒருவனும் திக்கவில்லை. கைகள் நேர்மையாகத் தூக்கப்பட்டன, தெரியாதவர்கள் தூக்கவில்லை. பதினைந்தாவது நிமிடம் எனக்கே தைரியம் வந்துவிட்டது. பெரிய சந்தைப் படத்தைக் கரும்பலகையில் தொங்கவிட்டு, இந்தப் பாட்டி என்ன விற்கிறார் என்று கேட்டுவிட்டு வகுப்பைப் பார்த்துத் திரும்பினேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

அந்த வாரம் பள்ளியை ஒட்டிய மரங்களில்தான் குலை வெட்டு. எனக்கு அது தெரியாது. தெரிந்திருக்க வேண்டும், தோட்டத்தில் பிறந்தவள்தானே. அம்மாவோடு பழம் பொறுக்க வந்திருக்கிறாள். அண்ணனுடையதாக இருக்க வேண்டும், முழங்கால்வரை தொங்கும் ஒரு பெரிய சட்டை, இடது கையில் சாக்கு. கம்பி வலை வழியாகப் படம் அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது, என் குரலும் கேட்டிருக்கிறது. வலது கையைத் தலைக்கு மேலே நீட்டித் தூக்கிக்கொண்டு நின்றாள்.

வகுப்பில் இரண்டு மூன்று தலைகள் அந்தப் பக்கம் திரும்பின. நான் சத்தமாக இன்னொரு பிள்ளையைக் கேட்டேன். பதில் வந்தது. அடுத்த கேள்வி கேட்டேன். அவள் கையை இறக்கவில்லை. மூன்றாவது கேள்வியின்போது பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அம்மையார் எழுந்து கம்பி வலை ஓரம் போய் நின்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளியே பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. நான் சந்தையில் கத்தரிக்காய் விற்கும் பாட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தேன். அதற்குள் மண்டோர் கூப்பிடும் குரல் கேட்டது. அம்மா ஓடிவந்து அவள் தோளைப் பிடித்து மரங்களுக்குள் இழுத்துக்கொண்டு போனார். கடைசிவரை அந்தக் கை மேலேயே இருந்தது.

முப்பதாவது நிமிடம் சரியாக முடித்தேன். பிள்ளைகளை வெளியே விட்டதும் தலைமையாசிரியர் தேநீரோடு வந்தார். அம்மையார் என் பதிவுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பேனாவை எடுத்தார். எழுதவில்லை.

“அங்க வேலியோரமா ஒரு பிள்ள கைதூக்கிச்சே, அது யாரு?”

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாற்பது வருடமாக யோசித்துப் பார்க்கிறேன். ஒருவேளை தேறியிருப்பேன், ஒருவேளை இல்லை. அப்போது எனக்கு யோசிக்கவெல்லாம் நேரம் எடுக்கவில்லை.

“தெரியல மேடம். தோட்டத்துப் பிள்ளைங்க சில நேரம் வேடிக்க பாக்க வருங்க.”

தலைமையாசிரியர் அவளை முதலாம் ஆண்டில் சேர்த்துக்கொண்டவர். அவளுடைய பிறப்புப் பத்திரம் அவர் அலமாரியில் இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. தேநீர் ஆறிவிடும் என்று மட்டும் சொன்னார். அம்மையார் தலையசைத்துவிட்டு எழுதத் தொடங்கினார். அவருக்குப் புரிந்ததா, புரிந்தும் விட்டுவிட்டாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. எழுதியதைக் காட்டாமல் மூடிக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் அவள் வழக்கம்போல முதல் ஆளாக வந்து கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நகத்துக்குள் பழத்தின் ஆரஞ்சு நிறம் இன்னும் போகவில்லை. கோபம் எதுவும் இல்லை. தான் கைதூக்கியதைப் பார்த்தேனா என்று கேட்டாள். பார்க்கவில்லை என்றேன். அந்தப் பாட்டி கத்தரிக்காய்தானே விற்றது என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எனக்கும் தெரியும் டீச்சர் என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அன்று முழுக்க என்னால் அந்த ஜன்னல் பக்கம் பார்க்க முடியவில்லை. அன்றிலிருந்து பள்ளி முடிந்ததும் மறுபடி அவளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன், பஸ் போனால் போகட்டும் என்று. மிச்சம் இருந்தது இரண்டே வாரம். பதினோரு எழுத்து நிலைத்தது.

பத்தாவது வாரம், வெள்ளிக்கிழமை. பயிற்சியின் கடைசி நாள். பதிவுப் புத்தகத்தில் கடைசிக் கையெழுத்துப் போட விரிவுரையாளர் வருவார் என்று தெரியும். முடிவும் அவரிடம்தான் இருக்கும். முந்தின நாள் மழை பெய்திருந்ததால் புழுதி இல்லை. கார் வாசலில் நின்றபிறகுதான் பார்த்தேன். படியேறி வரும்போதே அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. அந்த மனிதர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். வாசலில் நின்றபடியே, தேறிவிட்டீர்கள் அம்மா, வெளித் தேர்வாளர் நன்றாக எழுதியிருக்கிறார் என்றார். பிள்ளைகளைப் பார்த்து, உங்கள் டீச்சர் பாஸ் என்றார். வகுப்பு கைதட்டியது. எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

கைதட்டல் ஓய்ந்தபோது ஜன்னலோரத்தில் அவள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். நோட்டை மூடிப் பைக்குள் வைத்திருந்தாள். பென்சிலையும் எடுத்து வைத்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டினாள். யாரும் எதுவும் சொல்லாமலே இடத்தை விட்டு வெளியே வந்து வாசலை நோக்கி நடந்தாள். விரிவுரையாளர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றதால் அவர் முன்னால் வந்து நின்றாள். அவர் குனிந்து, வகுப்பு நேரத்தில் எங்கே போகிறாய் என்று கேட்டார்.

“ஆளு வந்தா நான் போயிறணும் சார். டீச்சருக்குப் பரீட்ச.”

வழக்கமான குரலில், தெரிந்த பதிலைச் சொல்வதுபோலச் சொன்னாள். விரிவுரையாளர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. என் பதிவுப் புத்தகம் மேசைமேல் கையெழுத்துக்காகத் திறந்திருந்தது. நான் அவளிடம் போய், பரீட்சை முடிந்துவிட்டது, நீ உட்காரலாம் என்றேன். அவள் என்னை நம்பவில்லை. விரிவுரையாளர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காரில் ஏறிப் போகும்வரை, பையை மாட்டியபடி வாசலோரமாகவே நின்றாள்.